மூன்றாம் பந்தியில் ஓர் உவமை

மஹய்யாவ,
கண்டி.
12.01.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

சஞ்சீவனி எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, மகள் நிரோஷா, நான் மூன்று பேரும் சுகம். புத்தளத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். "கையால எழுதி தபால்ல போடு, வொய்ஸ் மெசேஜ் வந்தா கேக்க மாட்டேன்" என்று நீ சொன்னது அநியாயம். இருபத்தெட்டு வருஷமாக நான் எழுதியதெல்லாம் பில் மட்டும்தான். இந்த அரைப் பக்கத்துக்கே விரல் மரத்துவிட்டது. பரீட்சையில் மூன்று மணித்தியாலம் எழுத வேண்டுமே என்றுதான் உன் பேச்சைக் கேட்கிறேன்.

என் நிலைமை உனக்குப் பாதி தெரியும். மீதியையும் கேள். எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு ஆகஸ்டில் புதுச் செயலாளர் எடுக்கிறார்கள். நான் நிற்கப் போகிறேன் என்று தெரிந்த பிறகு, செயலாளர் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும், அதிலும் தமிழ் கட்டாயம் என்று ஒரு விதி போட்டார்கள். யாரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்போடு நின்றவள் சங்கத்தில் நான் ஒருத்திதான். சரி என்று போன முறை பரீட்சை எழுதினேன். வர்த்தகத்தில் ஏ, கணிதத்தில் பி, சிங்களத்தில்கூட சீ. தமிழில் மட்டும் டபிள்யூ, ஃபெயில்! தலைவர் ஹாஷிம் நானா எல்லோருக்கும் முன்னால் கேட்கிறார்: "அப்ப இவ்வளவு காலமும் எந்த பாஷைலம்மா எங்கள ஏசின?"

பாடத்தில் எனக்கு ஓடாதது உவமைதான். நேற்று கடையில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் 'மாதிரி' என்ற சொல் எத்தனை தடவை காதில் விழுகிறது என்று எண்ணினேன். நாற்பத்தொன்று! "மழை வர்ற மாதிரி இருக்கு, பாயை உள்ள எடுங்க." "நேத்து வாங்கின மாதிரி வாளி இன்னொண்ணு குடுங்க." "நீங்க சொன்ன மாதிரியே வெல ஏறிருச்சு." "இது என்னக்கா வாளி, பேப்பர் மாதிரி இருக்கு, தண்ணி ஊத்தினா கிழிஞ்சிரும்." இவை எல்லாம் உவமையா? எல்லாம் உவமை என்றால் நான் பெரிய புலவர். இல்லை என்றால் எப்படிப் பிரித்து எடுப்பது, தமிழ் டீச்சரே?

பதிலை எதிர்பார்த்து,
உன் சஞ்சீவனி


புத்தளம்,
24.01.2025

அன்பின் சஞ்சீவனிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து முதலில் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. பிளாஸ்டிக் சாமான் விலைப்பட்டியலின் பின்பக்கத்திலா எனக்குக் கடிதம் எழுதுவாய்? படித்து முடித்துத் திருப்பினால் 'மூடி உள்ள வாளி, ஐந்து லீற்றர்' என்று இருக்கிறது. ஆனாலும் எழுத்து மாறவில்லையடி. அதே சாய்ந்த 'ழ'.

நீ எழுதிய நான்கில் ஒன்றுதான் உவமை. பேப்பர் வாளி. மழை வருகிற மாதிரி என்பது ஊகம். நேற்று வாங்கின மாதிரி வாளி என்பது வாளிக்கு வாளியைக் காட்டுவது, இரண்டும் ஒரே சாமான். உவமை என்றால் இரண்டு வேறு சாமான் வேண்டும். நீ சொல்ல வந்தது வாளி, அது உவமேயம். அதற்காக நீ கொண்டு வந்து பக்கத்தில் வைத்தது பேப்பர், அது உவமானம். நடுவில் நிற்கும் 'மாதிரி', 'போல' எல்லாம் உருபு. இவ்வளவையும் யாரும் கண்டுபிடிப்பார்கள். புள்ளி இருப்பது நான்காவதில்: இரண்டுக்கும் பொதுவான தன்மை எது? அதை எழுதியவர் பெரும்பாலும் வெளியே சொல்ல மாட்டார், நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். இங்கே மெல்லிசு, கிழியும் என்பது.

சில வேளை உருபே இருக்காது. அதற்குப் பயப்படாதே, பிறகு சொல்லித் தருகிறேன்.

உனக்கு வீட்டு வேலை: சந்தையில் கேட்ட உவமை மூன்று, பொதுத்தன்மையோடு. நல்ல தாளில்! அம்மாவுக்கு என் ஸலாம் சொல்லு. அவருடைய முழங்கால் இப்போது எப்படி?

அன்புடன்,
அஸீமா


மஹய்யாவ,
கண்டி.
05.02.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

இதோ நல்ல தாள். நிரோஷாவின் கொப்பியில் கிழித்தது, அவள் ஏசுகிறாள்.

தெல்தெனிய சந்தைக்குப் போன சனிக்கிழமை சாமான் கொண்டு போனேன். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருத்தி நான் விற்கும் தும்புத்தடி விளக்குமாறு ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது என்னம்மா, மொட்ட அடிச்சு மூணு நாள் ஆன தல மாதிரி இருக்கு!" பொதுத்தன்மை: தும்பு குறைவு, குத்தும். சுற்றி நின்ற சனம் எல்லாம் சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டு ஐம்பது ரூபாய் குறைத்தேன். நல்ல உவமைக்குக் கழிவு கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, பஸ்ஸில் கேட்டது. "அவன் வாக்கு கண்டி மழை மாதிரி." பொதுத்தன்மை: எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது ஹாஷிம் நானா என்னைப் பற்றிச் சொன்னது: "அந்தப் பொம்புள புளியங்கொட்ட மாதிரி, எவ்வளவு கடிச்சாலும் உடையாது." ஏசினாரா புகழ்ந்தாரா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

அஸீமா, எனக்கு இப்போது விளங்கிவிட்டது. உவமை என்பது சாம்பிள் காட்டுவது. வாங்குகிறவன் பார்க்காத சாமானை விற்க, அவனுக்குப் பழக்கமான ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் இந்த இருபத்தெட்டு வருஷத்தில் சாம்பிள் காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவன் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும்தான் காட்டுவான். கெட்டிக்காரி மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி போடுவார்களா?

அம்மாவின் முழங்கால் ஏற்றத்தில் வலிக்கிறது, இறக்கத்தில் இல்லை. மஹய்யாவையில் ஏற்றத்துக்கா பஞ்சம்?

உன்,
சஞ்சீவனி


புத்தளம்,
14.02.2025

அன்பின் சஞ்சீவனிக்கு,

உன் சாம்பிள் விளக்கத்தை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். "யார் டீச்சர் எழுதினது?" என்று கேட்டார்கள். "என் கூட்டாளி, கண்டியில் பெரிய வியாபாரி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இத்துடன் ஒரு பயிற்சித் தாள் வைத்திருக்கிறேன். எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு நான் தயாரிக்கும் பயிற்சி நூலிலிருந்து எடுத்தது. பெருநாள் முடிந்ததும் அச்சுக்குப் போகிறது, எண்ணூறு பிரதி. அதில் வாசிக்கக் கொடுத்திருக்கும் மூன்றாம் பந்தி என்னுடையதேதான். ஞாபகம் இருக்கிறதா, பத்தாம் வகுப்பில் 'கண்டியில் ஒரு காலை' என்று எழுதி மாகாண மட்டத்தில் பரிசு வாங்கினேனே? டீச்சர் வகுப்பில் வாசித்தபோது நீதான் முதலில் கை தட்டினாய். பழைய கொப்பியில் கிடந்தது. இப்போது வாசிக்கும்போதும் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

கீழே நான்கு கேள்வி இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்து, இருபது நிமிஷத்தில் எழுதி அனுப்பு. தயவுதாட்சண்யம் இல்லாமல் திருத்துவேன்.

அன்புடன்,
அஸீமா


மஹய்யாவ,
கண்டி.
23.02.2025

அஸீமாவுக்கு,

மூன்றாம் பந்திக்கான விடைகள். இருபது நிமிஷத்தில் முடியவில்லை. நான்கு நாள் எடுத்தது.

கேள்வி ஒன்று: பந்தியில் வரும் உவமையை எடுத்து எழுதுக.
விடை: "விடியுமுன் காகங்களைப் போல அவர்கள் தெருவில் வந்து இறங்குகிறார்கள், குனிந்து குனிந்து பொறுக்குகிறார்கள், வெளிச்சம் வந்ததும் காணாமல் போகிறார்கள்."

கேள்வி இரண்டு: உவமானம், உவமேயம் என்பவற்றைக் குறிப்பிடுக.
விடை: உவமானம் காகம். உவமேயம் என் அம்மா.

கேள்வி மூன்று: பொதுத்தன்மை யாது?
விடை: எழுதியவர் காட்டும் பக்கம்: விடியுமுன் வருவது, குப்பையில் கை வைப்பது, ஆளை ஆள் பிரித்துப் பார்க்க முடியாமல் இருப்பது. திருப்பிப் பார்த்தால் தெரிகிற பக்கம்: கறுப்பு, அசிங்கம், கிட்ட வந்தால் "சூ" என்று விரட்டலாம் என்பது. எழுதியவர் அந்தப் பக்கத்தைக் காட்ட நினைக்காமல் இருந்திருக்கலாம். வாங்கினவர்கள் அதைத்தான் வாங்கினார்கள்.

கேள்வி நான்கு: இவ்வுவமையின் பொருத்தத்தை நயந்து எழுதுக.
விடை: நயக்க முடியவில்லை.

நான் முதலில் கை தட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். தட்டினேன். வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, வேறு என்ன செய்வது? என் அம்மா மாநகரசபையில் தெருக் கூட்டுகிறவள் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவர்களிடம் சொல் இருக்கவில்லை. நீ ஒன்று கொடுத்தாய். அழகான சொல், பரிசு வாங்கின சொல்.

அதன் பிறகு நீ அடுத்த போட்டிக்குப் பயிற்சி என்று இரண்டு கிழமை ஆசிரியர் அறையிலேயே இருந்தாய். அந்த இரண்டு கிழமையும் வகுப்பில் நான் எழுந்து நின்றால் பின்னாலிருந்து "கா" என்று ஒரு சத்தம் வரும். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்க்கிறேன், என் மேசையில் ஒரு டிபன் மூடி. அதில் ஒரு பிடி சோறு. "காக்காவுக்கு வெச்சிருக்கோம்" என்றாள் ஒருத்தி. விரதம் முடித்து நாங்கள் காகத்துக்குச் சோறு வைக்கிறோமே, அந்தச் சோறு.

அந்தச் சோற்றை வெளியே கொண்டு போய்க் கொட்டிவிட்டு, மூடியைக் கழுவி அவளிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா அப்போது காலில் அடிபட்டு வீட்டில் இருந்தாள். அவளைப் பார்க்க ஆள் இல்லை என்று உனக்கும் சொன்னேன், டீச்சருக்கும் சொன்னேன். ஏன் நின்றேன் என்று இன்று வரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அடுத்த மாதம் பஸ் நிலையத்தில் விளக்குமாறு விற்கத் தொடங்கினேன்.

நீ என் கூட்டாளிதான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் எண்ணூறு பிரதி என்று எழுதியிருக்கிறாய். அவை போகிற வகுப்புகளில் ஒன்றிலாவது தெருக் கூட்டுகிறவளின் மகள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளும் கை தட்டுவாள்.

சஞ்சீவனி


மஹய்யாவ,
கண்டி.
10.03.2025

அஸீமாவுக்கு,

பதில் இல்லை. தபால் பிந்துகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். நோன்பு நாள், உனக்கும் வேலை இருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை பரீட்சை தொடங்குகிறது. நான் எழுதியது சண்டைக்கு இல்லை. ஆனால் எழுதியதைத் திருப்பி எடுக்கவும் மாட்டேன். 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று கடையில் பலகை தொங்குகிறது.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போது கொஞ்சம் தண்ணீர் கூடக் குடி. உனக்குத் தலைவலி வரும், எனக்குத் தெரியும்.

சஞ்சீவனி


புத்தளம்,
13.03.2025

அன்பின் சஞ்சீவனிக்கு,

தபால் பிந்தவில்லை. நான்தான் பிந்தினேன்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில், காகம் ஊரைச் சுத்தமாக்கும் பறவை, இனத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடும் பறவை, நான் உயர்வாகத்தான் சொன்னேன் என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பதினைந்து வயதில் இதில் ஒன்றையும் நான் யோசிக்கவில்லை. இரண்டாவதில், நான் சிறுபிள்ளை என்று எழுதினேன். நீயும் சிறுபிள்ளைதானே? மூன்றாவதில் மன்னிப்பு மட்டும் நான்கு பக்கம். அதில் நீயே இல்லை, நான்தான் இருந்தேன்.

உண்மை இதுதான். அப்போது வாப்பாவின் ஹோட்டலுக்கு மேல்தான் எங்கள் வீடு. பாடம் பண்ண விடியுமுன் எழும்பி ஜன்னலில் நிற்பேன். மாடியிலிருந்து பார்த்தால் முதுகு மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது. காகம் என்ற சொல் அங்கேதான் வந்தது. நல்ல சொல் என்று சந்தோஷப்பட்டேன். கீழே கூட்டுகிறவர்களில் உன் அம்மாவும் இருக்கிறார் என்று தெரியுமா? தெரியும். தெரிந்துகொண்டுதான் 'அவர்கள்' என்று எழுதினேன். உங்கள் வீட்டில் எத்தனை நாள் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டிருக்கிறேன்! அந்தக் கையைத்தான் பொறுக்குகிற கை என்று எழுதியிருக்கிறேன்.

டிபன் மூடி எனக்குத் தெரியாது. அல்லாஹ் மேல் சத்தியமாகத் தெரியாது. ஆனால் நீ நின்ற பிறகு உன் வீடு தேடி வந்து "ஏன்?" என்று இரண்டாம் தரம் கேட்காதது நான்தான்.

பயிற்சி நூலிலிருந்து அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன். மூன்றாம் பந்தியின் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. வேறு யாருடைய அழகான பந்தியையும் அங்கே போட மனம் வரவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்வாயா? அந்த வேலை எது மாதிரி இருந்தது என்று. அவர் சொல்வதைப் போடுகிறேன். சொல்ல விருப்பம் இல்லை என்றால் வெறுமையாகவே விடுகிறேன்.

பரீட்சைக்கு துஆ செய்கிறேன்.

அஸீமா


மஹய்யாவ,
கண்டி.
27.03.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

உன் கடிதம் தமிழ்ப் பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் வந்தது. பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினேன். கெட்ட செய்தியாக இருந்தால் கை ஓடாது, நல்ல செய்தியாக இருந்தாலும் ஓடாது. தமிழ் முடிந்து வந்துதான் பிரித்தேன். உவமை எல்லாம் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். விரல் மட்டும் இன்னும் வலிக்கிறது.

நேற்று அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து அந்தப் பந்தியை வாசித்தேன்.

"யாரு எழுதினது?" என்றாள்.

"அஸீமா."

"ஹோட்டல் முதலாளி மகளா? மேல் மாடி ஜன்னல்ல ரெட்ட ஜட போட்டுக்கிட்டு நிக்குமே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம? தெனமும் நிமுந்து பாத்து கை ஆட்டுவேன். அது தூக்கக் கலக்கத்துல எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கும், பாவம்."

அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன், அஸீமா. பிறகு, "உங்களையெல்லாம் காக்கா மாதிரின்னு எழுதிருக்காம்மா" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "காக்காவுக்கு என்ன, பொறுக்கிட்டுப் பறந்து போயிரும். நாங்க அந்த மேடு முழுக்க நடந்துல்ல வீட்டுக்கு வந்தோம்? அந்தப் புள்ள சரியா பாக்கல."

எண்ணூறு பிரதிக்குப் போகவிருந்த உவமையை ஒரு வகுப்பும் படிக்காத என் அம்மா ஒரே வசனத்தில் உடைத்துவிட்டாள். பொதுத்தன்மை பொருந்தவில்லையாம்.

"அப்ப எது மாதிரி இருந்துச்சு, நீயே சொல்லு."

நன்றாக யோசித்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எது மாதிரியும் இல்ல. கூட்டுறது கூட்டுறதாத்தான் இருந்துச்சு. இடுப்பு வலிக்கும். மார்கழி மாசம் கை வெறைச்சுப் போகும். மணிக்கூண்டுல இருந்து வாவிக்கரை வரைக்கும் முடிச்சா ஒரு பிளேன்டீ. அவ்வளவுதான். அதுக்கு என்ன மாதிரி?"

டிபன் மூடிக் கதையையும் சொன்னேன். அதற்குத்தான் அழுதாள். "என் காலாலதான் ஒன் படிப்பு போச்சுன்னு இவ்வளவு காலமும் நெனச்சுக்கிட்டிருந்தேனே" என்றாள். யாருக்கும் பாரம் கொடுக்கக்கூடாது என்று நான் சொன்ன பொய்யை, அவள் தலையில்தான் இத்தனை வருஷமும் வைத்திருந்திருக்கிறேன். ஆகவே மன்னிப்புக் கேட்க வேண்டியது நீ மட்டும் இல்லை.

கடைசியில் கண்ணைத் துடைத்துவிட்டு உத்தரவு போட்டாள்: "அந்தப் புள்ளைய வரச் சொல்லு. பெருநாள் முடியட்டும். வட்டிலப்பம் கொண்டு வரணும். கடதாசில கேட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எறங்கி வந்து கேக்கச் சொல்லு."

நான் இதில் தலையிடவில்லை. நீயாச்சு, அம்மாவாச்சு.

உன்,
சஞ்சீவனி


புத்தளம்,
25.04.2025

அன்பின் சஞ்சீவனிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வட்டிலப்பத்தில் சீனி குறைவு என்று அம்மா சொன்னதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இருபது வருஷமாகத் தான் சொல்லாமல் இருந்ததை ஒரு வாயில் சொல்லிவிட்டார் என்று சிரிக்கிறார்.

விடியுமுன் அம்மாவோடு தெருவில் நின்றதை உனக்கு எழுத வேண்டியதில்லை, நீயும் பக்கத்தில்தான் நின்றாய். எங்கள் ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது போன் கடை விளம்பரப் பலகை. அதை நிமிர்ந்து பார்த்து அம்மா கை ஆட்டினார். நான் கீழே நின்று பார்த்தேன்.

தன் பெயரைப் போடச் சொன்னவர் அவர்தான். மூன்றாம் பந்தி இப்படித்தான் அச்சுக்குப் போகிறது:

"பாப்பம்மா காலை நான்கரை மணிக்கு வேலையைத் தொடங்குவார். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து வாவிக்கரை வரை கூட்டி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுக்கும். மார்கழியில் கை விறைக்கும். முடித்ததும் ஒரு பிளேன்டீ குடிப்பார். வழியில் ஒரு வீட்டின் மாடி ஜன்னலில் தினமும் ஒரு சிறுமி நிற்பாள். பாப்பம்மா நிமிர்ந்து கையசைப்பார். சிறுமி ஒரு நாளும் பார்த்ததில்லை."

கேள்வி: இப்பந்தியில் உவமை எதுவும் இல்லை. ஏன் எனக் கூறுக. (5 புள்ளிகள்)

விடைத்தாளை நான் இன்னும் எழுதவில்லை. நீ எழுதி அனுப்பு.

அன்புடன்,
அஸீமா


மஹய்யாவ,
கண்டி.
04.05.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

விடை: எழுதியவள் மாடியை விட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டாள்.

ஐந்து புள்ளியையும் போட்டு அனுப்பு. குறைத்தால் சண்டைக்கு வருவேன்.

உன் கூட்டாளி,
சஞ்சீவனி